பாதி எலும்பும் பெல்ட்டும்

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பில் ஒன்று பிறவியிலேயே பாதிதான் உருவாகியிருக்கிறதாம். போன வருடம் 32 டிகிரி இருந்த முதுகு வளைவு இப்போது 41. ஆபரேஷன் என்கிறார் டாக்டர். ‘வயசுக்கு வரட்டும், அதுவரைக்கும் பெல்ட் போடு’ என்கிறார் மாமியார். இந்த வயதில் கம்பி வைத்தால் வளர்த்தி நின்றுவிடாதா?
- ஒரு தாய், பாலக்கோடு

பதில்: காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரேயை அளக்கும்போது 5 டிகிரி வரை முன்பின் ஆகும். 9 டிகிரி என்றால் வளைவு நிஜமாகவே கூடுகிறது. அந்தப் பாதி எலும்பு ஒரு பக்கமாக அடித்த ஆப்பு மாதிரி. அதிலும் வளரும் குருத்தெலும்பு இருப்பதால், குழந்தையோடு சேர்ந்து ஆப்பும் வளர்கிறது. காரணம் தெரியாமல் பத்துப் பன்னிரண்டு வயதில் வரும் வளைவுக்கு பெல்ட் நன்றாக உதவும். எலும்பே கோணலாக இருந்தால் உதவாது. வயதுக்கு வரும் சமயத்தில் வளைவு வேகமெடுக்கும். பக்கத்து எலும்புகளும் இறுகிவிட்டால், இன்று 2 எலும்பை இணைத்தால் போதும் என்பது அன்று 8, 10 என்றாகும்.

வளர்த்தியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இணைக்கும் ஒவ்வோர் எலும்புக்கும் ஆண்டுக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் குறையும். 2 எலும்பு, இன்னும் 10 ஆண்டு வளர்ச்சி என்றால் 1.4 சென்டிமீட்டர். முதுகு நிமிர்வதால் அதிலும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

முதுகு வழியாகப் பாதி எலும்பையும் அதன் மேல், கீழ் டிஸ்க்குகளையும் (எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தைகள்) எடுத்துவிட்டு, அடுத்த எலும்புகளில் ஸ்குரூ போட்டு, சின்ன ராடால் இடைவெளியை மூடுவார்கள். குருத்தெலும்பு மிச்சமிருந்தால் வளைவு திரும்பலாம். பிஞ்சு எலும்பில் ஸ்குரூ தளர்வதும் உண்டு. அதனால்தான் பிறகு சில மாதம் பெல்ட் போடச் சொல்வார்கள். மாமியார் சொன்ன பெல்ட்டுக்கு அப்போதுதான் வேலை.

தேதி குறிக்கும் முன் மூன்று பரிசோதனை முடிந்ததா என்று கேளுங்கள்: முழு முதுகுக்கு எம்.ஆர்.ஐ., சிறுநீரகத்துக்கு ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ. கருவில் இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே வாரங்களில் உருவாவதால் குறையும் சேர்ந்து வரலாம். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் முதுகை நிமிர்த்தினால், அது இழுபட்டுக் கால் பலவீனமாகலாம். முதுகில் முடிக்கற்றை, குழி, ஒரு பாதம் மட்டும் சிறியது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷன் நடக்கும்போதே நரம்புச் சிக்னலைக் கண்காணிக்கும் கருவி உள்ள மருத்துவமனையாகவும் இருக்கட்டும்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழோடு தருமபுரி கலெக்டர் அலுவலகத்தில் உள்ள முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட மையத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள்.

கேள்வி: 7 வயது மகனுக்கு முதுகெலும்பில் 105 டிகிரி வளைவு. ஆபரேஷனுக்கு முன் தலையில் வளையம் மாட்டி வாரக்கணக்கில் எடை தொங்கவிட வேண்டுமாம். அவசியமா?
- ஒரு தந்தை, ஊத்தங்கரை

பதில்: இவ்வளவு வளைவை ஒரே நாளில் நிமிர்த்தினால் தண்டுவடம் தாங்காது. ஒன்றிரண்டு கிலோவில் தொடங்கி, மெல்ல மெல்ல உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுபோவார்கள். பையன் அதோடு உட்காரலாம், வாக்கரில் நடக்கலாம், மூச்சும் தேறும். பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ கை மரத்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், எடையைக் குறைக்க வேண்டும்.