மிஷினை மாற்றும் முன் ஊசியை மாற்றுங்கள்: பனியன் துணியில் வீட்டிலேயே சட்டை

கேள்வி: என் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறார். அது நனைந்து கனத்து, கழுத்திலும் அக்குளிலும் உரசிப் புண்ணாகிறது. முழுக்கை வைத்த டீ-சர்ட் மாதிரி ஒன்றை நானே தைத்துக் கொடுக்க ஆசை. பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான அளவுத் தாள்) கையில் இருக்கிறது. வீட்டில் இருப்பது பாட்டி காலத்துக் கறுப்பு மிஷின், நேர்த்தையல் மட்டும்தான் போடும். "பனியன் துணிக்கு இது ஆகாது, ஓவர்லாக் மிஷின் வாங்கணும்" என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா? எந்தத் துணி எடுப்பது?
(வாசகி, பாம்பன்)

பதில்: வாங்க வேண்டாம். ஒன்றிரண்டு சட்டைக்காக அவ்வளவு பணத்தை முடக்கத் தேவையே இல்லை.

ஓவர்லாக் செய்வது இரண்டு வேலை. துணி ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும். துணியோடு சேர்ந்து நீளும் தையலைப் போடும். நெய்த துணி என்றால் வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரிந்து வரும், அதற்கு ஓவர்லாக் அவசியம். பனியன் துணி பின்னல் துணி. ஓரம் சுருளுமே தவிர பிரியாது. ஆக முதல் வேலை உங்களுக்குத் தேவையில்லை. இரண்டாவது வேலையை உங்கள் கறுப்பு மிஷினிடமே ஓரளவுக்கு வாங்கிக்கொள்ளலாம். ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தோன்றினால், தைத்து முடித்த பிறகு பக்கத்துத் தையல்கடையில் ஓவர்லாக் மட்டும் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் போக வேண்டிய இடம் ஊசி. சாதாரண ஊசியின் முனை கூர்மையானது, பின்னல் நூலைக் குத்தி அறுத்துவிடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு தடவை துவைத்ததும் தையலை ஒட்டிப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும், அதிலிருந்து கண்ணி அவிழ்ந்து கோடு இறங்கும். பால்பாயிண்ட் ஊசியின் முனை லேசாக உருண்டிருக்கும். நூலை அறுக்காமல் ஒதுக்கிவிட்டு இடைவெளியில் இறங்கும். 11 அல்லது 14 நம்பர் போதும். கடைக்குப் போகும்போது மிஷினில் இருக்கும் பழைய ஊசியைக் கழற்றிக்கொண்டு போங்கள். வீட்டு மிஷின் ஊசியின் தடித்த தலைப்பாகம் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பெரிய தையல்கடை மிஷின்கள் பலவற்றுக்கு அது முழு உருண்டை. மாற்றி வாங்கிவிட்டால் மாட்டவே முடியாது. இரட்டை ஊசி வாங்கினால் அழகாக இருக்கும் என்று யாராவது சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் நூல் கோக்கும் பழைய மிஷினில் அது வேலை செய்யாது.

நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும். பருத்தி நூல் நீளாது, கையைத் தூக்கினால் பட்டென்று அறுந்துவிடும்.

அடுத்தது துணி. பருத்திதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் வீட்டில் போடுவதற்கு அதைத்தான் சொல்வேன். அம்மா மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறவர். பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு கனக்கும், கரையேறிய பிறகும் ஈரமாகவே ஒட்டிக்கிடக்கும். இப்போதைய சட்டையின் தொந்தரவே அதுதானே. விளையாட்டு ஜெர்ஸி தைக்கும் பாலியஸ்டர் பின்னல் துணியைக் கேளுங்கள். தண்ணீர் வடிந்து சீக்கிரம் காயும். இன்டர்லாக் என்று கேட்டால் இன்னும் நல்லது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் அவ்வளவாகச் சுருளாது, முதல்முறை தைக்கிறவர்களுக்குச் சொன்னபடி கேட்கும். நிறம் பளிச்சென்ற ஆரஞ்சோ மஞ்சளோ எடுங்கள். தண்ணீரில் ஆள் இருப்பது வல்லத்தில் (படகில்) வருகிறவர் கண்ணுக்குத் தூரத்திலேயே பட வேண்டும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். துணியைக் குறுக்காக மடித்து, டேப்பில் 10 சென்டிமீட்டர் அளந்து இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். சிரமமில்லாமல் 12.5 வரை வந்தால் 25 சதவீதம் நீளும் துணி. எவ்வளவு நீள வேண்டும் என்று பேட்டர்னில் போட்டிருக்கும், அதற்குக் குறைந்தால் எடுக்காதீர்கள், தலை நுழையாது. கையை விட்டதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பாமல் தொளதொளவென்று நின்றால் அந்தச் சட்டை ஒரு மாதத்தில் முட்டி வரை தொங்கும். அதிகமாக நீளும் பக்கம் உடம்பைச் சுற்றி வரும்படி வெட்ட வேண்டும்.

60 இன்ச் அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு ஒன்றரை மீட்டர் சரியாக இருக்கும், கால் மீட்டர் கூட வாங்குங்கள். வீட்டில் எந்தத் தண்ணீரில் துவைப்பீர்களோ அதே தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும்.

தைக்கும்போது மிஷின் பாதத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள். பாதம் மாட்டியிருக்கும் கம்பிக்கு நேர் மேலே, மிஷினின் உச்சியில் ஒரு திருகு இருக்கும், அதை இரண்டு சுற்று தளர்த்தினால் போதும். அழுத்தம் குறையாவிட்டால் மேல் துணியைப் பாதம் தள்ளிக்கொண்டே போய் ஓரம் அலை அலையாகிவிடும். நூல் இறுக்கத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள். துணி மிஷினுக்குள் இழுபட்டுப் போனால், அடியில் செய்தித்தாளைப் பட்டையாக வெட்டி வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். முன்னும் பின்னும் இரு கையாலும் துணியை லேசாக இழுத்துப் பிடித்தபடியே தையுங்கள், அதற்காகப் பலமாக இழுக்க வேண்டாம். நேர்த்தையலுக்கு நீட்சி கிடைப்பது அப்படித்தான். முதல் தையலுக்குப் பக்கத்திலேயே, 3 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு வரி ஓட்டுங்கள். தோளில் மட்டும் நீளாத பருத்தி நாடா ஒன்றைச் சேர்த்துத் தையுங்கள். ஈரத்தில் தொங்க ஆரம்பிப்பது முதலில் தோள்தான்.

கழுத்துப் பட்டியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பட்டி கழுத்து வட்டத்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். வட்டம் 22 இன்ச் என்றால் பட்டி 18 இன்ச், அதோடு தையலுக்கு விடும் துணி. இரண்டையும் நான்காக மடித்துக் குறி வைத்து, குறியோடு குறியைச் சேர்த்துக் குண்டூசி குத்தி, பட்டியை மட்டும் இழுத்துத் தைத்தால் கழுத்து படிந்து உட்காரும்.

உங்கள் அம்மாவுக்காக ஒரு மாற்றம். அக்குள் தையலின் மடிப்பு உள்பக்கம் இருந்தால் உப்புத் தண்ணீரில் அது அரம்போல உரசும். பக்கத் தையலை வெளிப்பக்கம் வரும்படி தைத்துவிடுங்கள். பார்க்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் தோல் தப்பிக்கும். நீளத்தை இடுப்புக்குக் கீழே ஒரு சாண் கூட்டுங்கள், தண்ணீரில் மேலே மிதந்து ஏறாது.

கேள்வி: எங்கள் பக்கம் பனியன் துணியைத் திருப்பூரிலிருந்து கொண்டுவந்து கிலோ கணக்கில் விற்கிறார்கள். இன்னொரு கடையில் மீட்டர் கணக்கு. எது லாபம் என்றே தெரியவில்லை.
(வாசகர், தொண்டி)

பதில்: ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. டீ-சர்ட்டுக்கு 180 வாகானது, 140 என்றால் மெல்லியது. 180 ஜி.எஸ்.எம். துணி 60 இன்ச் அகலத்தில் ஒரு மீட்டர் சுமார் 275 கிராம் வரும், அதாவது கிலோவுக்கு மூன்றரை மீட்டருக்குச் சற்று மேலே. கிலோ 400 ரூபாய் என்று சொன்னால் மீட்டர் 110 ரூபாய். இப்போது மீட்டர் கடையின் விலையோடு ஒப்பிடலாம். குழாய் போல வரும் துணியில் 30 இன்ச் என்று சொன்னால், வெட்டி விரித்தால் 60 இன்ச் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீட்டர் கடையில் அளக்கும்போது கையைப் பாருங்கள். துணியைக் கோலோடு சேர்த்துப் பிடித்து லேசாக இழுத்தாலே, இரண்டு மீட்டரில் பத்து சென்டிமீட்டர் காணாமல் போய்விடும். எல்லோரும் வேண்டுமென்றே செய்வதில்லை, நெய்த துணியை அளந்து பழகிய கை அது. "மேஜையில் விரித்துப் போட்டு அளங்கண்ணே" என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. கோலிலும் தராசிலும் அரசு முத்திரை இருக்க வேண்டும். இல்லையென்றால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம்.

கிலோ துணியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, ஓட்டை, விட்டுப்போன கண்ணி, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: லாத்தா (அக்கா) வெளிநாட்டிலிருந்து இணையத்தில் பேட்டர்ன் வாங்கி எனக்கு அனுப்பினார். இங்கே கடையில் பிரிண்ட் எடுத்துத் தைத்தேன், உடம்பை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
(வாசகி, கீழக்கரை)

பதில்: கேட்பதற்கு முன் பேட்டர்னின் முதல் தாளை எடுங்கள். அதில் ஒரு சதுரம் போட்டு, இத்தனை சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 10 இருக்க வேண்டிய இடத்தில் 9.4 இருந்தால், தாளுக்குள் அடங்குவதற்காகப் பிரிண்டர் சுருக்கிவிட்டது. 40 இன்ச் மார்பு 37.6 ஆகிவிடும். இது விற்றவர் குற்றமில்லை. நூறு சதவீதம் என்று வைத்து மறுபடி பிரிண்ட் எடுங்கள், முதல் தாளை மட்டும் எடுத்து அளந்து பார்த்த பிறகு மீதியை எடுத்தால் காசும் மிச்சம்.

சதுரம் சரியாக இருந்தால், தையலுக்கு விடும் துணி அளவில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில பேட்டர்ன்களில் சேர்த்திருக்க மாட்டார்கள், நாம்தான் கூட்டி வெட்ட வேண்டும். சைஸ் நம்பரை நம்பாமல், கூடவே கொடுத்திருக்கும் உடம்பளவு அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க நம்பர் வேறு, ஐரோப்பிய நம்பர் வேறு. சொன்ன சைஸே கோப்பில் இல்லை, கோப்பு திறக்கவில்லை என்றால் தாராளமாகப் பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: ஊசி வாங்கி வைத்தால் ஒரு மாதத்தில் துருப்பிடிக்கிறது. ஊசி போலியா?
(வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: கடல்காற்றுதான் காரணம். மிஷின் எண்ணெய் தொட்ட துணியில் குத்தி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். துரு ஏறிய ஊசியைப் பனியன் துணியில் இறக்கவே இறக்காதீர்கள்.

கேள்வி: ராமநாதபுரத்தில் வாங்கிய பின்னல் துணி, முதல் நனைப்பிலேயே சாயம் போய் அங்கங்கே ஓட்டை விட்டது. கடையில் "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்ற போர்டைக் காட்டுகிறார்கள்.
(வாசகர், தேவிபட்டினம்)

பதில்: பழுதான பொருளுக்கு அந்த போர்டு செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பழுதுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படித்தான். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று போனால் இந்தச் சட்டம் உதவாது. உங்களுடையது பழுது.

முதலில் கடைக்காரரிடம் துணியோடு போய் நிதானமாகப் பேசுங்கள். நம் ஊர்க் கடைகளில் பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

துணியை இன்னும் வெட்டவில்லை என்றால் வெட்டாமல் வையுங்கள். வெட்டிவிட்டால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். ஓட்டை தெரியும்படி, பக்கத்தில் டேப் வைத்து, பில்லையும் சேர்த்து இன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.