ஆங்கிலத்தின் ஆதி நாடகங்களும் என் முப்பது ஆண்டுகளும்

கேள்வி: ஷேக்ஸ்பியருக்கு முந்தைய ஆங்கில நாடகங்களை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொள்ள முடியுமா? அவற்றை மேடையேற்றுவதும் ஆராய்ச்சியில் சேருமா?

முடியும். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைப் போல அந்த வேலை இருக்காது. பாதி நாள் கணக்குப்பிள்ளையின் வேலை, மீதி நாள் தச்சுப்பட்டறை வேலை, இரண்டுக்கும் நடுவே வகுப்பும் எடுக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கும் ‘சேரும்’ என்பதே என் பதில். அதைப் பிறர் ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி செலவானது.

1995இல், ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களை ஆராயும் எண்ணத்தோடு டொராண்டோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். மூன்றாம் ஆண்டுக் கோடையில், வண்டி தள்ள ஆள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்துப் பெயர் கொடுத்தேன். 1998 ஜூன் 20ஆம் தேதி, விக்டோரியா கல்லூரி வளாகத்தில், யார்க் நகரத்து நாடகங்கள் 47ஐயும் ஒரே நாளில், விடிகாலையில் தொடங்கி நள்ளிரவு வரை, சக்கரம் பூட்டிய மேடைகளின் மேல் நிகழ்த்தினார்கள். 1960களில் ஒரு வகுப்பறைப் பயிற்சியாக முளைத்த பி.எல்.எஸ். என்ற குழு அதை முன்னின்று நடத்தியது. ஒவ்வொரு நாடகத்தையும் ஒரு தனிக் குழு பொறுப்பேற்று ஊர் ஊராக வந்து சேர்ந்திருந்தது. நான் மேடையில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஒரு வண்டியின் பின்புறக் கட்டையில் தோள் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு படுக்கப் போகும்போது என் ஆய்வுத் தலைப்பு மாறியிருந்தது.

யார்க் நாடகங்களைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட இங்கிலாந்தின் யார்க் நகரில், கிறிஸ்துவின் திருவுடல் திருவிழா நாளன்று, உலகப் படைப்பிலிருந்து இறுதித் தீர்ப்பு வரையிலான விவிலியக் கதையைக் கில்டு எனப்படும் தொழிற்குழுக்கள் தமக்குள் பங்கிட்டு நடித்தன. நோவாவின் பேழையைக் கப்பல் கட்டுவோர் கட்டினார்கள். இறுதி இராவுணவு ரொட்டி சுடுவோரின் பொறுப்பு. சிலுவையில் அறையும் காட்சி ஊசியும் ஆணியும் செய்வோருடையது. பக்தி, தொழில் விளம்பரம், கொஞ்சம் குறும்பு மூன்றும் அந்தப் பங்கீட்டில் கலந்திருந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு குழுவும் தன் வண்டியை நகரத் தெருக்களில் இழுத்துச் சென்று, சுமார் 12 இடங்களில் நிறுத்தி, ஒவ்வோரிடத்திலும் தன் நாடகத்தை முழுமையாக நடித்தது. வண்டி என்பதைத் தேர் என்று மொழிபெயர்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் தேர் நிற்கும் இடத்தில் யாரும் கதை நடத்துவதில்லை என்பதால் நான் வண்டி என்றே எழுதுகிறேன். இந்த நாடகங்களைத் தாங்கிய ஒரே கையெழுத்துப் பிரதி 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கத்தோலிக்க வழக்கங்களைக் களைந்த புராட்டஸ்டன்ட் சமயச் சீர்திருத்தத்தின் அலையில் 1569க்குப் பிறகு இவை நின்றுபோயின. 1951இல், நாடு முழுவதும் கொண்டாடப்பட்ட பிரிட்டன் விழாவையொட்டி, புனித மேரி மடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே ஒரு நிலையான மேடையில் சுருக்கப்பட்ட வடிவில்தான் மீண்டும் உயிர் பெற்றன.

இங்குதான் என் துறையின் பழைய சண்டை ஒன்று தொடங்குகிறது. மொத்தம் 13,000 வரிகளுக்கு மேல். சில நாடகங்கள் 100 வரிகளில் முடிந்துவிடும். சில 500ஐத் தாண்டும். ஒரு நீண்ட நாடகம் ஓரிடத்தில் நின்றால் பின்னால் வரும் வண்டிகள் அத்தனையும் நிற்க வேண்டும். 12 இடங்களிலும் அதே தேக்கம் மீண்டும் மீண்டும் ஏற்படும். 1970இல் ஆலன் நெல்சன் என்ற அறிஞர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, ஒரே நாளில் எல்லா இடங்களிலும் எல்லா நாடகங்களையும் முழுமையாக நடித்திருக்க வாய்ப்பில்லை என்று வாதிட்டார். நடிகர்கள் அதிகாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவிலேயே தயாராக இருக்க வேண்டும் என்ற 1415ஆம் ஆண்டின் நகர அறிவிப்பு இருக்கிறது. அப்படித் தொடங்கினாலும் போதாது என்பதே அவர் தரப்பு. டொராண்டோவில் நாங்கள் நிறுத்திய இடங்கள் யார்க்கின் 12ஐ விட மிகக் குறைவு என்பதால், அந்த ஒரு நாள் அவருடைய கணக்கை முறியடித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முன்னால் நிற்கும் வண்டி நகரட்டும் என்று வெயிலில் காத்திருந்தபோது ஒன்று தெரிந்தது: தேக்கம் என்று நாம் தாளில் எழுதுவதைப் பார்வையாளர்கள் தேக்கமாகவே உணரவில்லை. அந்த இடைவெளியில் சாப்பிட்டார்கள், இடம் மாறி உட்கார்ந்தார்கள், முந்தைய நாடகத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். வண்டி வந்தவுடன் திரும்பினார்கள்.

இனி கணக்குப்பிள்ளை வேலைக்கு வருகிறேன். 1970களின் நடுவில் டொராண்டோவில், அலெக்சாண்ட்ரா ஜான்ஸ்டன் என்ற பேராசிரியரின் தலைமையில், ஆதி ஆங்கில நாடக ஆவணங்கள் என்ற பெயரில் ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, சுருக்கமாக ‘ரீட்’ என்பார்கள். நாடகப் பிரதிகளை அது தேடுவதில்லை. 1642இல் லண்டன் அரங்குகள் மூடப்பட்டது வரை, ஊர் ஊராக, நகராட்சிக் குறிப்பேடுகள், தேவாலயக் கணக்குகள், கில்டுகளின் வரவுசெலவு, வழக்குப் பதிவுகள் ஆகியவற்றில் நாடகம், இசை, வேடிக்கை குறித்து வரும் ஒவ்வொரு வரியையும் எடுத்துப் பதிப்பிக்கும் திட்டம் அது. யார்க், செஸ்டர் நகரங்களுக்கான தொகுதிகள் 1979இல் வந்தன. வேலை இன்றும் முடியவில்லை. ஒரு பக்கத்தில் நூறு வரி ரொட்டிச் செலவும் விறகுச் செலவும் இருக்கும். நூற்றோராவது வரியில் நமக்கு வேண்டியது கிடைக்கும். கவென்ட்ரி நகரத்துக் கொல்லர் கில்டின் 1573ஆம் ஆண்டுக் கணக்கில், ஃபாஸ்டன் என்பவருக்கு, நாடகத்தில், கிறிஸ்துவைக் காட்டிக்கொடுத்த யூதாசைத் தூக்கிலிட்டதற்காக 4 பென்சும், சேவலைப் போலக் கூவியதற்காக 4 பென்சும் கொடுத்த பதிவு இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கூலி. இதை முதன்முறை படித்த அன்று முழுவதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் இந்த ஒரு வரியிலிருந்துதான், தூக்குப் போடும் இயந்திரத்தைக் கையாள்வது நம்பகமான ஆளுக்குக் கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலை என்பதும், அதே ஆள் மேடைக்குப் பின்னால் குரலும் கொடுத்தார் என்பதும் நமக்குத் தெரிகிறது. பிரதி இதைச் சொல்லாது.

அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு, யார்க்கின் துணி வணிகர்களான மெர்சர்களின் 1433ஆம் ஆண்டு ஒப்பந்தப் பத்திரம். 1970களின் தொடக்கத்தில் ஜான்ஸ்டனும் மார்கரெட் டாரலும் அதைக் கண்டெடுத்து வெளியிட்டார்கள். இறுதித் தீர்ப்பு நாடகத்துக்குரிய பொருள்களை அடுத்த ஆண்டுப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கும் பட்டியல் அது: நான்கு சக்கர வண்டி, நரகத்தின் வாய், பிசாசுகளின் உடைகள், முன்னும் பின்னும் முகம் காட்டும் முகமூடிகள், கடவுளுக்குக் காயம் தீட்டிய சட்டை, பொன் பூசிய முகமூடி, அவர் விண்ணுக்கு ஏறும்போது அமர்வதற்கு நான்கு மூலைகளிலும் கயிறு கட்டிய இரும்புச் சட்டம். பிறகு, சிவப்பு பூசிய ஒன்பது சிறு வானதூதர்கள், விண்ணகத்தில் ஓடுவதற்கு. அவர்களை ஓட வைக்க நீண்ட மெல்லிய கயிறு ஒன்று. நாடகப் பிரதியில் இந்த ஒன்பது பொம்மைகளைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

பல ஆண்டுகளுக்குப் பின், நான் பணியில் சேர்ந்த சிறு நகரத்துப் பல்கலைக்கழகத்தில், மாணவர்களோடு சேர்ந்து இந்த ஒன்பது பேரையும் ஒட்டுப்பலகையில் அறுத்துச் சிவப்பு பூசினேன். பத்திரத்தில் கயிறு என்று ஒருமையில் இருக்கிறதே என்று ஒற்றைக் கயிற்றில் வரிசையாகக் கட்டினோம். இழுத்தால் வலப்பக்கம் ஓடினார்கள், திரும்பி வரவில்லை. கயிற்றை வளையமாக்கி இரண்டு முனைகளிலும் கப்பி வைத்த பிறகுதான் சுற்றி வந்தார்கள். அந்தக் கயிற்றை இழுப்பதற்கு மேற்கூரைக்குள் ஒருவர் குப்புறப் படுத்திருக்க வேண்டியிருந்தது; அப்படியானால் கூரை எவ்வளவு எடை தாங்க வேண்டும், கடவுளின் இரும்புச் சட்டத்துக்கான கயிறுகள் எந்த வழியாக இறங்கும் என்ற கேள்விகள் அடுத்தடுத்து எழுந்தன. நிகழ்ச்சியன்று ஏழாவது தூதர் கப்பியில் சிக்கித் தலைகீழாகத் தொங்கினார். கூட்டம் சிரித்தது. உலகம் அழியும் காட்சியில் சிரிப்பா என்று நான் நொந்துபோனேன். மறுநாள்தான், சிக்காமல் ஓடிய ஒத்திகையிலும் பார்த்தவர்கள் சிரித்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. சிறிய சிவப்புப் பொம்மைகள் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்க்கும் எவருக்கும் முதலில் மகிழ்ச்சிதான் வரும். அச்சத்துக்கும் மகிழ்ச்சிக்கும் அந்த வண்டியில் ஒருசேர இடம் இருந்தது என்பதை நான் ஒரு கட்டுரையில் வாதமாக வைத்தேன். அதற்கு ஆதாரம் ஒரு பத்திர வரியும் ஒரு கப்பியும்.

சிலுவையில் அறையும் காட்சியில் நான் கற்றது இன்னும் அதிகம். 300 வரிகளே உள்ள அந்த நாடகத்தில் நான்கு வீரர்கள் வேலை செய்கிறார்கள். மரத்தில் துளைகள் தவறான தூரத்தில் போடப்பட்டிருக்கின்றன, கை எட்டவில்லை, கயிறு கட்டி இழுக்கிறார்கள். பிறகு சிலுவையைத் தூக்குகிறார்கள். தோள் கழன்றுவிட்டது என்று ஒருவர் முனகுகிறார், முதுகு முறிகிறது என்று இன்னொருவர். படிக்கும்போது இது கொடுமைக்கு நடுவே வைத்த நகைச்சுவையாகத் தோன்றும். மெய்யான கனமுள்ள மரத்தை நான்கு மாணவர்கள் தூக்கியபோது, அவர்களுக்கு மூச்சு வாங்கும் இடங்களிலேயே அந்த முனகல் வரிகள் வந்து விழுந்தன. அவ்வளவு நேரமும் கிறிஸ்து வண்டியின் தரையில் கிடப்பதால் தெருவில் நிற்பவர்களுக்கு அவர் தெரிவதில்லை. தெரிவது குனிந்த முதுகுகளும் கேட்பது சுத்தியல் ஓசையும்தான். சிலுவை நிமிர்ந்தவுடன் அவர், வழியிலும் தெருவிலும் நடப்போரே என்று பார்வையாளர்களை நேராக விளிக்கிறார். வேலை சரியாக முடியுமா என்று இரண்டு நிமிடம் முன்பு வரை வீரர்களோடு சேர்ந்து கவலைப்பட்டவர்கள் நாம். அரங்கில் அப்போது விழுந்த அமைதியை எந்த அடிக்குறிப்பிலும் என்னால் எழுத முடியவில்லை.

நன்மை தீமைகளைப் பாத்திரங்களாக்கி அறம் சொல்லும் ஒழுக்க நாடக வகையைச் சேர்ந்த ‘மேன்கைண்ட்’ என்ற 15ஆம் நூற்றாண்டு நாடகத்தைப் பற்றியும் ஒரு சொல். டிட்டிவிலஸ் என்ற பெருந்தலைப் பிசாசு வருவதற்கு முன் நடிகர்கள் நாடகத்தை நிறுத்தி, பணம் தந்தால்தான் அவர் வருவார் என்று கூட்டத்தில் வசூலுக்கு இறங்குவார்கள். வீட்டுத் தலைவரிடமிருந்து தொடங்குவோம் என்பார்கள், பொற்காசு கேட்பார்கள், அது முடியாதவர் சில்லறை தரட்டும் என்று இறங்கி வருவார்கள். எங்கள் நிகழ்ச்சியில் முதல் வரிசையில் கல்லூரி முதல்வர் அமர்ந்திருந்தார். ஐந்து டாலர் தாளைப் போட்டுவிட்டு மீதி கேட்டார். கொடுக்கவில்லை.

இப்போது கசப்பான பகுதி. நான் பணியாற்றிய இடங்களில் ஒன்றில், பதவி உயர்வுக்கான குழு எனது ஆறு மேடையேற்றங்களையும் ‘சமூகப் பணி’ என்ற தலைப்பின் கீழ் தள்ளிவிட்டது. ஆய்வு என்றால் அச்சில் வந்ததைக் காட்டுங்கள் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் பின்தங்கினேன். அதன் பிறகு ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் முன்னால் கேள்வியை எழுதி வைப்பதும், முடிந்தபின் விடையை எழுதி ஆய்விதழுக்கு அனுப்புவதும் பழக்கமாயிற்று. குழுவின் மேல் கோபம் தீரவில்லை என்றாலும், அந்தப் பழக்கம் நல்லது என்பதை மறுக்க மாட்டேன். கேள்வி இல்லாத மேடையேற்றம் வெறும் உடை விழாவாகிவிடும்.

கேள்வியோடு செய்தாலும் விடை எளிதில் உறுதியாகாது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் மெக் டுவைக்ராஸ், யார்க்கில் வண்டிகள் நின்ற இடங்கள் தெருவின் இடப்பக்கமாகவே இருந்தன என்ற கருத்தை முன்வைத்தவர். யார்க் தெருக்களிலேயே வண்டிகளை ஓட்டிப் பார்த்தவரும் அவர்தான். 1992இல் அந்தக் கருத்தைத் திரும்பப் பெறுவதாக, தலைப்பிலேயே அப்படிச் சொல்லி, அவரே கட்டுரை எழுதினார். என் மாணவர்கள் ஒவ்வொருவரையும் முதல் வாரத்தில் அதைப் படிக்க வைக்கிறேன்.

நடைமுறைக்கு வந்தால்: இத்துறைக்கென்று தனியாக வேலை விளம்பரம் வருவது அரிது. ஆங்கிலத் துறையில் இடைக்கால இலக்கியம் அல்லது ஷேக்ஸ்பியர் கற்பிப்பவராகச் சேர்ந்து, கட்டுரை எழுதும் பயிற்சி வகுப்புகளையும் எடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இதைச் செய்ய வேண்டியிருக்கும். இடைக்கால ஆங்கிலத்தோடு லத்தீனும், பழைய கையெழுத்துகளை வாசிக்கும் பயிற்சியும் தவிர்க்க முடியாதவை. கணக்கேடுகளில் நான்கு என்பதை மூன்று கோடும் ஒரு வாலுமாக எழுதியிருப்பார்கள், வாலைத் தவறவிட்டால் கூலி மாறிவிடும். ஆண்டுதோறும் மே மாதம் அமெரிக்காவின் கலமசூவிலும் ஜூலையில் இங்கிலாந்தின் லீட்ஸிலும் நடக்கும் இடைக்கால ஆய்வு மாநாடுகளுக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். இத்துறையினர் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டம் என்பது அங்கே விளங்கும். யார்க்கில் கில்டுகள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டி நாடகங்களைத் தெருவில் நடத்துகின்றன. முடிந்தால் அதைப் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், நான்கு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, மூன்று மீட்டர் நீள உத்தரக்கட்டை ஒன்றைத் தேடிப் பிடித்து, அந்த 300 வரிகளையும் உரக்கப் படித்தபடியே அதைத் தூக்கிப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் போடவில்லை, இருவருக்குச் சிராய் ஏறியது.