பழுதுகளை நோட்டில் எழுதி வைப்பதால் தொழிற்சாலைக்கு என்ன மறைமுகச் செலவு?

பழுதுப் பதிவு என்பது எந்தப் பொருள், எந்த பேட்ச் (ஒரே தடவையில் செய்த அல்லது வந்த தொகுதி), எதனால் கெட்டது என்று குறித்து வைப்பது. கோயம்புத்தூர் பம்ப்செட் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே ரிஜெக்‌ஷன் நோட்டுக்கு ஆகும் காசு சொற்பம்தான். ஆனால் ஷிப்ட் முடிகிற அவசரத்தில், நினைவிலிருந்து, ஆளுக்கொரு பெயரில் எழுதுவார்கள். செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் கெட்டால், ஒருவர் ‘சீல் லீக்’ என்பார், இன்னொருவர் ‘தண்ணி கசிவு’, மூன்றாமவர் வெறும் ‘லீக்’. மாதக் கடைசியில் எண்ணினால் மூன்று சின்னப் பழுதுகள். உண்மையில் ஒரே பெரிய பழுது. மளிகைக்கடைக் கடன் நோட்டில் ஒரே ஆளை ‘மாடி வீட்டுக்காரர்’, ‘டீச்சர் புருஷன்’, ‘ஸ்கூட்டர்காரர்’ என்று மூன்று பக்கத்தில் எழுதிய மாதிரி. அவர் பாக்கி எவ்வளவு என்று கடைக்காரருக்கே தெரியாது.

பேட்ச் எண் விட்டுப்போனால் இன்னும் மோசம். சந்தேகம் 200 மெக்கானிக்கல் சீல்கள் மீதுதான் என்றாலும், அவை எந்தெந்தப் பம்பில் ஏறின என்று தெரியாவிட்டால் அந்த மாதம் செய்த 2,000 பம்பையும் பிரித்துப் பார்க்க வேண்டிவரும். பிரித்த பம்புக்குப் புது கேஸ்கட், மறுபடி பிரஷர் டெஸ்ட், ஆள் கூலி. சீல் கொடுத்த சப்ளையரிடம் ஈடு கேட்கவும் ஆதாரம் இருக்காது.

சாஃப்ட்வேர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பழுதுகளுக்கு ஒரே பெயர்ப் பட்டியலும் பேட்ச் எண் எழுதும் கட்டாயமும் இல்லாவிட்டால், அதே குழப்பம் திரையில் தெரியும், அவ்வளவுதான்.