வாய்க்காலைப் பிடியுங்கள், வயல் நிற்கும்

கேள்வி: தலைமடையில் (வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் இடத்தில்) உள்ள 6 ஏக்கர் நன்செயை ஒருவர் வாங்கிக் கல் நட்டு மனை போடுகிறார். வாய்க்காலையும் தூர்த்துவிட்டார். பக்கத்து மேய்க்கால் புறம்போக்கிலும் (கால்நடை மேயும் பொது நிலத்திலும்) வேலி ஏறிவிட்டது. மிச்ச வயல்களையாவது காப்பாற்ற வழி உண்டா?

பதில்: பட்டாதாரர் தன் நிலத்தை விற்பதை ஊர் தடுக்க முடியாது. அந்தச் சண்டையில் இறங்காதீர்கள். அவசரம் வாய்க்காலுக்குத்தான். தலைமடை அடைபட்டால் கடைமடைக்குப் பாய்ச்சலும் இல்லை, மழைக்கு வடிகாலும் இல்லை. இரண்டு போகம் அப்படிப் போனால் அடுத்த வயல்காரரும் விலை பேச வந்துவிடுவார்.

வாய்க்காலுக்குத் தனிப் புல எண் உண்டா என்று 'அ' பதிவேட்டிலும் (ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் வருவாய்க் கணக்கு) புல வரைபடத்திலும் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் வேலை எளிது: வட்டாட்சியரிடம் அளந்து காட்டச் சொல்லி மனு கொடுங்கள். 1905-ஆம் ஆண்டு தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் அறிவிப்பு, 6-ஆம் பிரிவில் அகற்றம். மனுவில் புல எண், உட்பிரிவு, பரப்பு மூன்றும் இருக்க வேண்டும். "எங்கள் வாய்க்கால்" என்று மட்டும் எழுதிய மனு எந்த வாய்க்கால் என்ற கேள்வியோடு திரும்பி வரும்.

பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் வாய்க்கால் என்றால் சிக்கல். 20 ஆண்டு இடையூறின்றி, வெளிப்படையாக, உரிமையோடு பாய்ச்சியிருந்தால் வசதியுரிமைச் சட்டம் (அடுத்தவர் நிலத்தின் வழியே நீர், பாதை கொண்டுபோகும் உரிமைக்கானது) துணை நிற்கும். ஆனால் தடுத்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம் போயாக வேண்டும். பஞ்சாயத்து பேசிப் பேசியே இந்தக் கெடுவைக் கோட்டை விடுகிறவர்கள் அதிகம்.

அடுத்தது மனை. முழுமைத் திட்டம் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் அரசுத் திட்டம்) இல்லாத பகுதியில் நன்செயை மனையாக்க, நகர் ஊரமைப்புச் சட்டம் 47-ஏ பிரிவின்படி ஆட்சியரின் இசைவோடு முன் அனுமதி வேண்டும். அனுமதி இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இல்லையென்றால் ஆட்சியருக்கும் வேளாண்மை இணை இயக்குநருக்கும் ஆட்சேபம் அனுப்புங்கள். இங்கே வழக்கமாகச் சறுக்குவது அடங்கலில், அதாவது எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கில். நெல் விளைந்த வயலுக்கு "தரிசு" என்று பதிவாகியிருந்தால் அதையே எடுத்து நீட்டுவார்கள். ஜூலையில் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) தொடங்கியதும், கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் பயிர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மனையைச் சார்பதிவாளர் பதியக் கூடாது. முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் சிலர் மனை என்று எழுதாமல், விவசாய நிலமாகவே சென்ட் சென்ட்டாகக் கிரயம் செய்கிறார்கள். வில்லங்கச் சான்று (அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். ஒரே புல எண்ணில் 3, 5 சென்ட் கிரயங்கள் வரிசையாக இருந்தால் கதை புரிந்துவிடும். அந்தச் சான்றை ஆட்சேபத்தோடு இணையுங்கள்.

அனுமதி முறையாகவே வாங்கியிருந்தாலும் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். உங்கள் 6 ஏக்கரில் சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால் ஊருக்கு 45 சென்ட். பத்திரம் பதிவானதோடு விட்டால் வருவாய்க் கணக்கில் பழைய பெயரே நிற்கும், பிறகு அதுவும் விலை போகும். பெயர் மாற்றம் முடியும்வரை விடாதீர்கள்.

மேய்க்காலுக்கு, கிராம சபையில் புல எண்ணோடு தீர்மானம் போடுங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் குறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை) நிறையும். ஆளைத் திரட்டிக்கொண்டு போங்கள். 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நெடுநாள் அனுபவம், கட்டடச் செலவு, அரசியல் செல்வாக்கு எதையும் காட்டிப் பொது நில ஆக்கிரமிப்பை முறைப்படுத்தக் கூடாது என்றது. தீர்மானத்தில் அதையும் எழுதி, நகலை வட்டாட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் பெற்றதற்கான சான்றோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.