விதைக்கு அனுமதி: வகுப்பில் ஒரு விளையாட்டு

கேள்வி: உயர்தரத்துக்கு உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படிப்பிக்கிறேன். மரபணு மாற்றிய பயிரை அனுமதிப்பதா, தடுப்பதா என்று விவாதம் வைத்தால் பிள்ளைகள் இரண்டு பக்கமும் கத்திவிட்டுப் போகிறார்கள். இதை ஒரு பாவனை விளையாட்டாகச் செய்வது எப்படி?
– ஆசிரியை, சம்மாந்துறை

பதில்: கட்டாயம் செய்யுங்கள் டீச்சர். விவாதத்தில் எதைச் சொன்னாலும் பேசியவருக்கு நட்டமில்லை, அதனால்தான் கத்தல். விளையாட்டில், முழு விபரமும் கைக்கு வருமுன்னே முடிவெடுத்துக் கையொப்பம் வைக்க வேண்டும், அதன் பலன் வேறொருவர் தலையில் விழ வேண்டும்.

கத்தரியை எடுங்கள். காய்துளைப்பான் புழுவைத் தாங்குவதற்காக மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவின் மரபணுவைச் சேர்த்த கத்தரியை இந்தியா 2010 பெப்ரவரியில் நிறுத்தி வைத்தது, பங்களாதேஷ் 2013இல் பயிரிட விட்டது. நாடுகளின் பெயரைப் பிள்ளைகள் முடிவெடுத்த பிறகு சொல்லுங்கள்.

அதிகாரிகளாக மூன்று பேர் போதும். மற்றவர்கள் விதைக் கம்பனிக்காரர், களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தோட்டக்காரர், அவரிடம் கூலிக்கு மருந்தடிக்கிறவர், பக்கத்து வளவில் நாட்டுக் கத்தரி விதை எடுத்து வைக்கிற அம்மா. ஆளுக்கொரு இரகசிய அட்டை. ஒரு சுற்று ஒரு போகம். அனுமதித்தால் அந்த அம்மாவின் அட்டை திரும்பும்: மகரந்தம் கலந்து விதை கெட்டிருக்கலாம். சரி, இன்னும் ஆராய்வோம் என்று தள்ளிப்போட்டால் மருந்தடிக்கிறவரின் அட்டை திரும்பும்: இன்னொரு போகமும் முகமூடி இல்லாமல் அதே நஞ்சை மூச்சில் இழுத்திருக்கிறார். தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் ஒருவர் விலை கொடுக்கிறார், பிள்ளைகள் நேரில் உணர வேண்டியது இதைத்தான் என்பேன். மரபணு மாற்றிய உயிரினங்களைப் பாதுகாப்பாகக் கையாள்வது பற்றிய சர்வதேச ஒப்பந்தம் கார்த்தகேனா நெறிமுறை, இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. அது, அறிவியல் நிச்சயம் போதாமல் இருந்தாலும் ஒரு நாடு முன்னெச்சரிக்கையாகத் தடுக்கலாம் என்கிறது. அதை அதிகாரிகளின் அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

புள்ளி போட வேண்டாம், போட்டால் பிள்ளைகள் வெல்லும் வழியைத்தான் தேடுவார்கள். பதிலுக்கு, அட்டை திரும்பியவரின் முகத்தைப் பார்த்து அதிகாரி காரணம் சொல்ல வேண்டும், அதைக் கொப்பியில் எழுதி அடுத்த போகத்தில் வாசிக்க வேண்டும்.

இலங்கையில் 2021இல் வந்த இரசாயனப் பசளைத் தடையைக் கடைசியில் தொடுங்கள். அது மரபணு விசயமில்லைதான், ஆனால் இடைக்காலம் தராமல் ஒரு விதி வந்து அந்த வருசமே நவம்பரில் தளர்ந்ததை உங்கள் பக்கத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். முதலிலேயே எடுத்தால் வீட்டுக் கோபம் வகுப்புக்கு வந்துவிடும்.

அதிகாரி வேடத்தை எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளைக்கே கொடுக்காதீர்கள், ஒவ்வொரு போகமும் மாற்றுங்கள்.