கோடு தெரிகிறது, வழி கிடைக்கவில்லை

கேள்வி: யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவிலிருந்து என் கார்மின் ஜிபிஎஸ் கைக்கருவிக்கு நானே வரைபடம் தயாரித்தேன். சாலைகள் தெளிவாகத் தெரிகின்றன. வழி கேட்டால் மட்டும் கருவி நேர்கோடு ஒன்றை இழுத்துக் காட்டுகிறது. தவறு எங்கே?
– வாசகர், தேனி

பதில்: கருவியின் வழி அமைப்பில் 'நேர்வழி' தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில், அந்தத் தரவைக் கார்மின் வரைபடமாக மாற்றும் எம்கேஜிமேப் நிரலை இயக்கியபோது 'ரூட்' (route) என்னும் விருப்பத்தைச் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள். அதைச் சேர்த்தால்தான் எந்தச் சாலை எந்தச் சந்திப்பில் எதனோடு இணைகிறது என்னும் வலைப்பின்னல் கோப்பில் எழுதப்படும், இல்லாவிட்டால் கருவிக்குக் கிடைப்பது வெறும் படம்தான்.

அதன் பிறகும் ஓரிடத்தில் மட்டும் வழி ஊரைச் சுற்றிப் போனால், குறை பெரும்பாலும் மூலத்தரவில் இருக்கும். திரையில் இரண்டு சாலைகள் ஒன்றையொன்று தொடுவதுபோலத் தெரிந்தாலும், இரண்டுக்கும் பொதுவான புள்ளி ஒன்று தரவில் இல்லையென்றால், கருவியைப் பொறுத்தவரை அங்கே திரும்ப வழியே இல்லை. அந்தச் சந்திப்பை மிகவும் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் முனை ஒரு மயிரிழை விலகி நிற்பது கண்ணில் படும். அதை உங்கள் கணினியில் மட்டும் சரிசெய்துகொள்ளாமல், 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுத் தரவிலேயே திருத்திவிடும்படி மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து அவ்வழியே வருபவருக்கும் அது உதவும்.

பெரிய பரப்புக்கு வரைபடம் தயாரிப்பதானால், எம்கேஜிமேப்பை இயக்கும் முன் ஸ்ப்ளிட்டர் நிரலால் தரவைத் துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள்.