லில் நாஸ் எக்ஸின் ஒரே பாட்டு எப்படி அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது?

அதிர்ஷ்டம் பாதி, கணக்கு பாதி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்காரரான இந்த ராப் பாடகர் கல்லூரியைப் பாதியில் விட்டவர். யங்கியோ என்ற நெதர்லாந்து இளைஞர் இணையத்தில் விற்ற பீட்டை (பாட்டுக்கான பின்னணி இசையை) 30 டாலருக்கு வாங்கி, 2018 டிசம்பரில் 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டைத் தானே வெளியிட்டார். அந்த பீட்டில் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவின் பாஞ்சோ (ஒரு தந்தி வாத்தியம்) இசைத் துணுக்கு ஒன்று இருந்தது. அதற்கு முன் அனுமதி வாங்கவில்லை. மலிவு பீட்டில் வரும் வழக்கமான வில்லங்கம் இதுதான். பிறகு அக்குழுவினர் இருவருக்கும் பாடலாசிரியர் உரிமை தரப்பட்டது.

பாட்டின் நீளம் 1 நிமிடம் 53 நொடிதான். சட்டென்று முடிவதால் மறுபடி போடுவார்கள். இணையத்தில் கேட்கும் ஒவ்வொரு முறையும் தனி ஸ்ட்ரீமாகப் பட்டியல் கணக்கில் சேரும். டிக்டாக்கில் இந்தப் பாட்டுக்குக் கௌபாய் வேஷ வீடியோக்கள் வேறு.

2019 மார்ச்சில் பில்போர்டு இதை 'கன்ட்ரி' என்ற அமெரிக்க இசை வகைக்கான தனிப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தச் சர்ச்சையே பெரிய விளம்பரம். ஏப்ரலில் கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸுடன் ரீமிக்ஸ் (அதே பாட்டின் மாற்று வடிவம்) வந்தது, பின்னாலேயே இன்னும் சில. ரீமிக்ஸ்களைக் கேட்ட எண்ணிக்கையும் மூலப் பாட்டின் கணக்கோடு சேரும் என்பதுதான் சூட்சுமம். முந்தைய சாதனை 16 வாரம்.